பழைய முகவரியிலிருந்து ஓர் ஆட்சேபணை

வாக்காளர் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று நான் மொத்தமாக ஒரு நிமிடம் சிரித்திருப்பேன். அதற்குப் பிறகு பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் நான் செக்கர். அன்று மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் ஒரு கையில் டப்பாவும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தார்கள். வரைவுப் பட்டியல் வெளியாகியிருந்தது, பெயர் இருக்கிறதா என்று அவரவர் தேடிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் சீல் அக்கா. பதினெட்டு வருஷமாக சீல் போடும் மிஷினில் நிற்கிறவர். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"வந்துருச்சாடி?"

"வந்துருச்சுக்கா!" என்று போனைக் காட்டினேன். என் பெயர், வயது, தெரு, கதவு எண், மூன்றாவது மாடி, கணவர் பெயர். எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஏதோ பரீட்சையில் தேறியவள் மாதிரி எனக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"எனக்கும் வந்துருச்சு. ஆனா பாரு, பழைய வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கு. எங்க மாமியார் போன் பண்ணி, புது வீட்டு அட்ரஸ் எல்லாம் போட்டு வந்திருக்கே, எத்தனை ரூம், ஏன் எங்கிட்ட சொல்லலன்னு ஒரே விசாரணை."

"எந்த வீட்டுக்கு நோட்டீஸ் போச்சு?"

"பழைய வீட்டுக்குத்தான். அங்கேருந்து பேரை எடுக்கணும்ல. இன்னார் இன்ன அட்ரஸுக்குப் போறாங்க, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு எல்லாருக்கும் அனுப்புறாங்களாம்."

பிசைந்த சோறு கையிலிருந்து டப்பாவிலேயே விழுந்தது. 

பழைய வீட்டில் என் புருஷன் இருக்கிறார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அவர் வேலைக்குக் கிளம்பிய அரை மணி நேரத்தில், பத்து வயது மகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வந்தவள் நான். என் மூக்கு உடைந்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. மழைக்கு முன்னால் இன்றைக்கும் வலிக்கும், அதுவே போதும். பழைய ஊர் மூன்று மணி நேர பஸ் தூரம். அந்தத் தூரம்தான் என் தைரியம். எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வந்துவிடுவார். வருவதற்கு அவருக்கு வழிகூடக் கேட்க வேண்டாம், ஏனென்றால் அவர் கூரியர் வேன் ஓட்டுகிறவர். கதவு எண்ணைக் கொடுத்துவிட்டுக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியான வாசலில் போய் நிற்பார்.

அப்படிப்பட்டவருக்கு நானே என் கதவு எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறேன்! யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்ட வேண்டும்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலை வாசலில் தேர்தல் அலுவலகத்துக்காரர்கள் மேஜை போட்டார்கள். தகுதி என்ன என்று ஒரு பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினெட்டு வயது முடிந்திருக்கணும், இந்த நாட்டுக் குடியா இருக்கணும், இதே முகவரியில் ஆறு மாதமாவது குடியிருக்கணும், வேறு எங்கும் பெயர் இருக்கக் கூடாது. முதல் மூன்றும் எனக்குச் சரி. நாலாவது இடித்தது. "பழைய இடத்துல பேர் இருந்தா அந்த அட்ரஸை எழுதுங்க, நாங்களே எடுத்துடுவோம். ரெண்டு இடத்துல வச்சிருந்தா குற்றம்" என்றாள். கணவர் பெயர் போடும் இடத்தைக் காட்டி, "இதுல அப்பா பேரோ அம்மா பேரோகூடப் போடலாம்" என்றாள். "எழுத விருப்பமில்லாட்டி முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றும் சொன்னாள்.

நான் சொன்னேனா? இல்லை. எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. செக்கர் கையில் வரும் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. நேரம், வெப்பநிலை, கையெழுத்து, எது விட்டுப்போனாலும் அந்த வரிசை மாத்திரை முழுவதையும் நிறுத்திவைத்துவிடுவார்கள். ரெண்டு வருஷமாக அந்தக் கட்டங்களை நிரப்பி நிரப்பி, காலிக் கட்டத்தைப் பார்த்தாலே என் கை அரிக்கும். பேனா கிடைத்ததும் மடமடவென்று எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். பழைய முகவரி, கணவர் பெயர், புதிய முகவரி, எந்த மாடி என்பது வரை. கேட்காததையும் எழுதியிருப்பேன், இடம் இல்லை.

ஓட்டுப் போட அவ்வளவு என்ன ஆசை என்று கேட்டால், அதற்கும் காரணம் அவர்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட நானாகப் போட்டதில்லை. எத்தனாவது வரி என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவார். வெளியே வந்ததும் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, சொன்ன வரியிலேயே போட்டுவிட்டு வருவேன்.

அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினேன். சுற்றியிருக்கும் எல்லா ஊருக்கும், என் பழைய ஊருக்கும் சேர்த்து, அது ஒன்றுதான் அலுவலகம். கவுன்ட்டரில் நரைத்த தலையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கை தட்டச்சுப் பலகையிலேயே நின்றுவிட்டது.

"நோட்டீஸ் போய் ஒன்பது நாளாச்சும்மா."

"திருப்பி வாங்க முடியாதா?"

"தபால்ல போனதை எப்படிம்மா திருப்பறது?" திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "உங்க பேருக்கு ஒரு ஆட்சேபணையும் வந்திருக்கு. அந்த வீட்டு அட்ரஸ்லேருந்தே."

"யாரு போட்டது?"

"விசாரணைக்கு முன்னாடி அதை நாங்க காட்டக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் நேர்ல வரணும். நீங்க வரலைன்னா விண்ணப்பம் தள்ளுபடி."

யார் என்று வேறு கேட்க வேண்டுமா! நான் அந்தக் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா எழுந்து வந்து என்னை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஆபத்தில் இருக்கிறவர்கள் முகவரியைப் பட்டியலில் காட்டாமல் மறைத்துவைக்க ஒரு விண்ணப்பம் உண்டாம். மருத்துவர் சீட்டு இருந்தால் போதுமாம்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமேம்மா" என்றார், கோபமில்லாமல்.

மூக்கு எலும்பு ஒட்டிய மருத்துவமனைச் சீட்டை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டியலிலிருந்து என் முகவரி மறைய விசாரணை முடிய வேண்டும் என்றார்கள். நோட்டீஸில் பழைய வீட்டுக்குப் போன முகவரியை யார் மறைப்பது?

அந்தப் பத்து நாளும் நான் மனுஷியாக இல்லை. வீட்டுக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். தெருவில் எந்த வேன் நின்றாலும் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு சாயங்காலம் யாரோ கதவைத் தட்ட, மகளை இழுத்துக் குளியலறைக்குள் தள்ளி, கையில் தோசைக்கல்லோடு நின்றேன். வெளியே தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர். "மீட்டர் ரீடிங்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, "ஆள் இருந்துகிட்டே திறக்க மாட்டேங்கிறாங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

வேலையிலும் கோட்டை விட்டேன். ஒரு பெட்டியில் பத்துக்கு ஒன்பது அட்டை இருந்ததைக் கவனிக்காமல் விட்டதற்கு சூப்பர்வைசர் வாங்கு வாங்கு என்று வாங்கினார். மாத்திரை எண்ணும்போதும் என் காது வாசலில்தான் இருந்தது.

திங்கட்கிழமை பையை எடுத்துத் துணியை அடைக்க ஆரம்பித்தேன். மகள் கதவோரம் நின்று பார்த்தாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வந்த புதிதில் யாரோடும் பேசாதவள், இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ரெண்டு தோழிகளைப் பிடித்திருந்தாள்.

"மறுபடியும் வேற ஊரா?"

"வேற என்ன செய்யச் சொல்றே? உங்கப்பா வந்து நிப்பாரு."

"அங்கயும் ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. அதையும் நீ ஃபில் பண்ணுவே" என்றாள். "நான் வரல. இந்த தடவை நீ மட்டும் போ."

அறைந்திருப்பேன். கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையைப் பார்த்து அவள் தலையை மறைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது என்னிடம் பழகியது இல்லை. பையைக் கவிழ்த்துத் துணியை எல்லாம் பீரோவில் திரும்ப வைத்தேன். அன்று நாங்கள் ரெண்டு பேரும் அழுதோம், ஆளுக்கு ஒரு மூலையில்.

வியாழக்கிழமை சீல் அக்கா என்னோடு வந்தார். லீவு கேட்டுக் கிடைக்காததால் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் நீளமான குடை.

"எதுக்குக்கா குடை? மழையும் இல்ல, வெயிலும் இல்ல."

"அவன் மண்டைக்கு" என்றார்.

பத்தேகாலுக்கே போய்விட்டோம். நீள அறை, பெஞ்சுகள், சுவரில் ஒட்டிய பட்டியல்கள், முன்னால் ஒரு மேஜையில் விசாரணை அதிகாரி. வந்தவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். நான் முன்வாசலுக்கு நேராக உட்கார்ந்து அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு சட்டையும் அவர் சட்டையாக இருந்தது. சீல் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடுடி, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வரிசை எண் நாற்பத்தொன்று."

எழுந்தேன். மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

அதிகாரி என் தாள்களைப் புரட்டினார். "ஆறு மாசத்துக்கு மேல இங்க குடியிருக்கீங்களா? ஆதாரம்?" வாடகைப் பத்திரத்தையும் மகளின் பள்ளிக்கூடக் கடிதத்தையும் கொடுத்தேன். வயது கேட்டார், சொன்னேன். வேறு எங்காவது விண்ணப்பித்தீர்களா என்றார், இல்லை என்றேன். "தகுதி எல்லாம் சரியா இருக்கு. ஆட்சேபணை செஞ்சவங்க வந்திருக்காங்களா?"

நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. எனக்குப் பின்னால் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு பெண் எழுந்து நின்றாள். சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவள் உள்ளே வந்ததைக் கவனிக்கவே இல்லை.

என் நாத்தனார். புருஷனின் ஒரே தங்கச்சி. வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய காலையில், பையோடு என்னை வாசலில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சத்தம் கேட்காமல் நான் போகட்டும் என்று நினைத்தாளா, எனக்கென்ன வந்தது என்று நினைத்தாளா, இதுவரை எனக்குத் தெரியாது. இப்போது முழுக்கை ரவிக்கையில், பாதியாக இளைத்து, என் முன்னால் வந்து நின்றாள்.

அதிகாரி தாளை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார். "காரணம்னு இருக்கிற இடத்துல, 'நேரில் பார்க்க வேண்டும்'னு எழுதியிருக்கீங்க. இது என்னம்மா காரணம்?"

"அதான் சார் காரணம்."

"யாரைப் பாக்கணும்?"

"இவங்களைத்தான். பாத்துட்டேன் சார். ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறேன்." கையெழுத்துப் போட்டுவிட்டு, மடித்து மடித்துக் கசங்கிப்போன ஒரு காகிதத்தை என் கையில் திணித்தாள். வீட்டுக்குப் போன அந்த நோட்டீஸ்.

"தபால் வந்தப்ப அண்ணன் குளிச்சிட்டிருந்தாரு அண்ணி. அவர் கண்ணுல இது படல. ஆட்சேபணை செஞ்சா ரெண்டு பேரையும் நேர்ல கூப்பிடுவோம்னு கீழ போட்டிருந்துச்சு. அண்ணன் என்னைத் தனியா எங்கயும் விட மாட்டாரு, உங்களைப் பாக்க எனக்கு வேற வழி தெரியல."

அப்பாடா என்று இருந்தது. பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ தனியா எப்படி வந்தே?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "அண்ணன்தான் வேன்ல கூட்டிட்டு வந்தாரு. வெளிய நிக்கிறாரு."

நான் சட்டென்று முன்வாசலைப் பார்த்தேன்.

"விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கு வந்த கடுதாசில உங்க பேர் இல்ல அண்ணி. என் பேரும் ஒரு நம்பரும்தான். பேரைச் சரிபார்க்கக் கூப்பிடறாங்கன்னு சொன்னேன். அரசாங்க முத்திரையைப் பாத்து அவரே பயந்துட்டாரு. அரை மணி நேரத்துல வந்துடணும்னு சொல்லியிருக்காரு."

"அடிப்பாவி! என்னைப் பாக்கணும்னு ஆசைப்பட்டு எமனையே வண்டியோட கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கியே!"

"உசிரோட இருக்கீங்களான்னு தெரியணும் அண்ணி. நீங்க ரெண்டு பேரும் எங்கயோ செத்துக் கிடப்பீங்கன்னு தினம் சொல்லுவாரு. நான் நம்பல. ஆனா தினம் கேட்டா..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்துட்டேன், போதும். நீங்க உள்ளயே இருங்க. நான் போய் அவரைக் கூட்டிட்டுப் போயிடறேன். வேன் போனப்புறம் வெளிய வாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். போகட்டும், அவரையும் இழுத்துக்கொண்டு போகட்டும், நானும் என் மகளும் பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். தலையைக்கூட ஆட்டிவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்த கையில் ரவிக்கைக் கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி நீலம். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் நாலு விரல். அந்தக் கையின் அளவு எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் போனதுலேருந்தா?"

அவள் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "உங்க அளவுக்கு இல்ல அண்ணி" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல.

பதினோரு வருஷம் அந்த வீட்டில் அடி என்றால் அது எனக்கு. நான் கிளம்பியபோது அடியும் என்னோடு கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். அது எங்கே போகும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

"வா" என்றேன்.

"எங்க அண்ணி?"

"எங்க வீட்டுக்கு. கேள்வி கேக்காம வா."

"அவர் தேடிட்டு உள்ள வருவாரு. நீங்களும் மாட்டிக்குவீங்க. பாப்பா இருக்கா அண்ணி, யோசிங்க."

யோசித்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று எனக்கே தெரியும். அவள் கையைப் பிடித்தேன். நீலத்தில் அழுத்திவிட்டேன் போல, முகத்தைச் சுளித்தாள், ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் முகவரியை மறைக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கவுன்ட்டர் அம்மாவிடம் நீட்டினார். "அட்ரஸைப் பட்டியல்லேருந்து இப்பவே எடுத்துடுங்க. யார் வந்து கேட்டாலும் இந்த ஃபைல் கிடையாது" என்றார். அந்த அம்மா சாவியை எடுத்துக்கொண்டு, ஆவண அறைப் பக்கம் வரும்படி எங்களுக்குத் தலையை அசைத்தார். அந்த அறைக்குப் பின்னால் ஒரு கதவு, அதைத் தாண்டினால் பின் தெரு, பஸ் நிறுத்தம்.

சீல் அக்கா குடையோடு முன்வாசலுக்குக் கிளம்பினார். "அவன்கிட்ட ஏதாவது ஒரு அட்ரஸைக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். கூரியர்க்காரன்தானே, வழி சொல்லாம இருக்க மாட்டான். நான் தலைகீழாப் புரிஞ்சுக்கறேன். அவன் மறுபடி சொல்லட்டும். நீங்க ஓடுங்க."

கட்டுக் கட்டாகப் பழைய பட்டியல்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, அந்த அம்மாவின் பின்னால் நடந்தோம்.  பின்கதவு துருப்பிடித்திருந்தது. சாவி ரெண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை திரும்பியது. வெளிச்சம் கண்ணில் அடித்தது.

வெளியே நாலு எட்டு வைத்திருப்போம். கட்டடத்துக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது. சின்னதாக ரெண்டு, நீளமாக ஒன்று. வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது அவர் அடிக்கிற ஹாரன். அது கேட்டால் நாங்கள் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்து நிற்க வேண்டும். தாமதமானால் என்ன நடக்கும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

சின்னவள் சட்டென்று நின்றாள். அவள் கால் தானாகச் சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டது. அவளை இழுப்பதற்காகக் குனிந்தபோதுதான் பார்த்தேன், என் காலும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. ரெண்டு வருஷம் கழிந்தும்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. "நட" என்றேன், அவளுக்கும் எனக்கும் சேர்த்து.